கறி எப்போது குழம்பானது?

பழைய ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளைத் தமிழில் படிக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் கல் கடிபடுகிறது. அவர்கள் 'கரீ' என்று எழுதியதெல்லாம் தமிழில் 'குழம்பு' ஆகிவிடுகிறது. அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்பில் ஒரே பக்கத்தில் மூன்று குழம்பு. மூலத்தில் அந்த மூன்றில் ஒன்று வதக்கிய காய்.

சொல்லின் கதை சுருக்கமானது. அது நம் கறிதான். சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. அகநானூறு 149இல் யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்புகிறது. சோற்றோடு உண்ணும் பதார்த்தம் என்ற பொருளும் அப்போதே உண்டு. புறநானூறு 14இல் கபிலர் 'ஊன்துவை கறிசோறு' என்கிறார். பின்னால் அது போர்த்துக்கீசியர் வாயில் 'கரில்' ஆகி, ஆங்கிலத்துக்கும் போய், 1747இல் ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

இனி குழம்புக்கு வருவோம். குழம்பு என்பது பதத்தைச் சொல்லும் சொல். கெட்டியாக இருந்தால் சந்தனமும் குழம்புதான். கறி என்பதற்குப் பதம் ஒரு பொருட்டே இல்லை. வறட்டலாகவும் இருக்கலாம், நீர்க்கவும் இருக்கலாம், சோற்றுக்குத் துணையாக வந்தால் சரி. கண்டியில் 19 ஆண்டு சிறைப்பட்டுத் தப்பிய ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். பழங்களைப் பழுக்கும் முன்பே பறித்து, வேகவைத்துக் கறி செய்கிறார்கள், அதாவது சோற்றோடு சேர்த்து ருசித்துச் சாப்பிட ஏதோ ஒன்று என்கிறார். இந்த 'ஏதோ ஒன்றை'க் குழம்பு என்று எப்படி எழுதுவது?

லின்ஸ்கோட்டனைக் காட்டி மடக்குவார்கள். கோவாவில் இருந்த அந்த டச்சுக்காரர், சோற்றின்மேல் ஊற்றிக்கொள்ளும் சற்றே புளித்த மீன்சாற்றைத்தான் அந்தப் பெயரால் குறிக்கிறார். அது குழம்பு மாதிரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் 'மீன்கறி' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு ஆட்சேபம்: கறி என்றால் வாசகர் ஆட்டிறைச்சி என்று நினைத்துவிடுவாராம். தமிழ்நாட்டில் கறிக்கடை என்றால் இறைச்சிக்கடைதான், உண்மை. அதே வாசகர் காலையில் காய்கறி வாங்கிவிட்டுத்தானே வருகிறார்? வாழைக்காய்க் கறி பரிமாறும் வீட்டில் ஆட்டைத் தேடுகிறாரா? கபிலரின் வரியிலேயே ஊன் வேறு, கறி வேறாக வருகிறது. ஐயம் வரும் இடத்தில் மரக்கறி, இறைச்சிக்கறி என்று ஓர் அடை சேர்த்தால் தீர்ந்தது. 'மசாலாக் கூட்டு' என்று ஒருவர் புதிதாக ஆக்கியிருக்கிறார். கூட்டு என்றால் நமக்குப் பருப்பும் காயும் சேர்ந்த வேறொரு பதார்த்தம் என்பதைக்கூட அவர் யோசிக்கவில்லை.

இதெல்லாம் மூலத்தில் அயல் எழுத்தில் நிற்கும் நம் சொல்லையே அடையாளம் காணாமல் அகராதியைப் புரட்டுவதால் வரும் வினை. கும்பினிக் காலத்து ஆங்கிலேயர் குடித்த 'மல்லிகடானி'யையே பாருங்கள். மிளகுத்தண்ணீர் என்ற நம் சொல்தான் அது. ஒருவர் அதை 'மிளகு ரசம்' என்கிறார். இறைச்சிச் சாறு ஊற்றிய ரசத்தை எந்த வீட்டில் கண்டாரோ! இன்னொருவர் ஒலியை அப்படியே பெயர்த்து 'முல்லிகாடவ்னி சூப்' என்று போட்டு, அடிக்குறிப்பில் 'ஒரு வகை ஆங்கிலேய உணவு' என்று விளக்கமும் தந்திருக்கிறார்.