பையப் பாக்காதீங்க, சக்கரத்தப் பாருங்க

ஞாயித்துக்கிழமை காலைல சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் வாசல்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க. சீன ஆன்ட்டி, மலாய் மக்சிக் (அவங்க பாஷைல ஆன்ட்டி), நம்ம ஊரு பாட்டி, யாரா இருந்தாலும் பின்னாடி ஒரு ரெண்டு சக்கர ட்ராலி வருது, வாயில முருங்கைக்காய் நீட்டிக்கிட்டு, உள்ள ஐஸ் போட்ட மீன், அடில அரிசி. எழுபது வயசு இருக்கும், உடம்பு நாப்பத்தஞ்சு கிலோ இருந்தா அதிகம், ஆனா பதினஞ்சு கிலோ சாமானை ஒரு கையால இழுத்துக்கிட்டு பக்கத்துல வர்றவங்க கிட்ட பேசிக்கிட்டே போறாங்க. மூச்சு வாங்கல. இது எப்படின்னு பல நாள் யோசிச்சிருக்கேன், நாங்களும் ட்ராலி வாங்குனப்புறம்தான் இதுல எவ்ளோ பிசிக்ஸ் ஒளிஞ்சிருக்குன்னு புரிஞ்சுது.

நாங்க இருக்கறது பூன் கெங் பக்கம், தேக்காவுக்கு சுமாரா ரெண்டு கிலோமீட்டர். ரொம்ப வருஷம் கார்லதான் போனோம், பார்க்கிங் வரிசைல நிக்கிற நேரத்துல நடந்தே போய்ச் சேந்திருக்கலாம், ஆனா "சாமானை யாரு தூக்கறது"ங்கற ஒரே கேள்வில கார் சாவிய எடுத்துருவோம். கணக்கு போட்டுப் பாத்தா மனசுக்கு கஷ்டமா இருக்கு. போக வர நாலு கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் குடுக்குற கார்னா மூணுல ஒரு பங்கு லிட்டர் பெட்ரோல், அதுல இருக்கற சக்திய சாப்பாட்டு கணக்குல சொன்னா 2500 கலோரி, ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க சாப்புடற அளவு. அதே தூரத்த நடந்தா 200 கலோரி பக்கம் செலவாகும், நாலஞ்சு இட்லி. பதினஞ்சு கிலோ காய்கறிய நகத்தறதுக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல இரும்ப சேத்து நகத்தறோம், அதான் காரணம்.

இதுல இன்னொரு விஷயம், நிறைய பேருக்கு தெரியறதில்ல, கார் மோசமா வேலை செய்யறதே இந்த மாதிரி குட்டி ட்ரிப்லதான். எஞ்சின் ஆறிப்போய் இருக்கும்போது ஆயில் கெட்டியா இருக்கும், பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால எஞ்சின் வழக்கத்த விட அதிகமா பெட்ரோல் உறிஞ்சும். புகையில இருக்கற நச்சு வாயுவ சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்னு ஒண்ணு சைலன்சர் லைன்ல இருக்குல்ல, அது 250, 300 டிகிரி சூடானாதான் ஒழுங்கா வேலையே செய்யும், நம்ம ட்ரிப்ல அது சூடாகி முடிக்கறதுக்குள்ள பாதி வழி தாண்டியாச்சு.

சரி, கார் வேணாம், பைல தூக்கிட்டு வந்தா? அஞ்சு கிலோ சாமான் இருக்கற பிளாஸ்டிக் பைய ரெண்டு தெரு தூக்கிட்டு நடந்தா வெரல் வெளுத்துப் போயி நடுவுல ஒரு சிவப்பு கோடு விழுந்துரும், அது ஏன்னு பாப்போம். பை காது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு சுருண்டு, நாலு வெரல்லயும் சேத்து எட்டு சென்டிமீட்டர் நீளம் படுதுன்னு வைங்க, அஞ்சு கிலோவும் அந்த எட்டு சதுர சென்டிமீட்டர்ல உக்காருது. பிபி மிஷின் அளவுல சொன்னா அது 450க்கு மேல வரும். நம்ம ரத்தத்த தள்ற அழுத்தமே 120தான், அப்புறம் அந்த இடத்துல ரத்தம் எப்படி ஓடும்? ஒரு கைல மட்டும் தூக்குனா முதுகுக்கும் அடி, உடம்பு அந்தப் பக்கம் சாயாம இருக்க எதிர்ப்பக்கத்து தசை இழுத்துப் புடிக்கணும், பை முதுகெலும்புல இருந்து தள்ளி தொங்குது, தசை முதுகெலும்ப ஒட்டி இருக்கு, அதனால தூக்குற எடைய விட மூணு நாலு மடங்கு விசைய அந்த தசை போட வேண்டியிருக்கும்.

இப்போ சக்கரத்துக்கு வருவோம்.

வழுவழுப்பான தரைல பதினஞ்சு கிலோ ட்ராலிய ஓட்டிக்கிட்டு போக வேண்டிய விசை சுமாரா 300ல இருந்து 500 கிராம்தான். ஏன்னா எடைய தரை தாங்குது, நாம ரெண்டு சின்ன இழப்ப மட்டும் ஈடு கட்டறோம். ஒண்ணு, ரப்பர் தரைல அமுங்கும்போது வாங்குற சக்திய நிமிரும்போது முழுசா திருப்பித் தராது, கொஞ்சம் சூடா போயிரும். ரெண்டாவது, நடுவுல இருக்கற அச்சுக் கம்பில சக்கரம் உரசறது. இந்த உரசல்ல ஒரு அழகு இருக்கு, உரசறது கம்பியோட ஓரத்துல, நமக்கு உதவி பண்றது சக்கரத்தோட ஆரம், அதனால கம்பி எவ்ளோ மெல்லிசோ, சக்கரம் எவ்ளோ பெருசோ அந்த விகிதத்துல உரசல் நம்ம கைக்கு கம்மியா தெரியும். எட்டு மில்லிமீட்டர் கம்பில பதினாறு சென்டிமீட்டர் சக்கரம்னா இருபதுல ஒரு பங்குதான் கைக்கு வருது. கிறீச்னு சத்தம் போட்டா தேங்காய் எண்ணெய் விடாதீங்க, அது தூசியோட சேந்து பிசினாயிரும், தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும்.

எடை முழுக்க சக்கரம் மேலதான் போகுதான்னா அது நாம அடுக்கறதப் பொறுத்தது. சாய்ச்சு இழுக்கற ட்ராலி ஒரு நெம்புகோல், அச்சு ஆதாரப்புள்ளி, கை ஒரு முனை, நடுவுல பாரம். சாய்ச்சு நிக்கும்போது சாமானோட ஈர்ப்பு மையம் அச்சுல இருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி, கை 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா, பதினஞ்சு கிலோவுல கைக்கு வர்றது 2 கிலோ. அரிசிய மேல வச்சு கீரைய அடில போட்டு அடுக்குனா ஈர்ப்பு மையம் மேல ஏறும், சாய்க்கும்போது 16 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், கைக்கு 4 கிலோ. அதே சாமான், அதே ட்ராலி, பாரம் ரெண்டு மடங்கு! எங்க மாமியார் கணக்கு எதுவும் போடாம பொன்னி அரிசி அடில, எண்ணெய் அதுக்கு மேல, தக்காளி, வாழையிலை உச்சில வைப்பாங்க, தக்காளி நசுங்கக் கூடாதுன்னு செய்யறதுதான், ஆனா தோள்பட்டைக்கும் அதுவேதான் சரி.

சக்கரம் வச்ச சூட்கேஸ் கதையும் இப்படித்தான். 1972ல அமெரிக்கால பெர்னார்ட் சாடோவுக்கு பேடண்ட் கிடைச்ச பெட்டில நாலு குட்டிச் சக்கரமும் ஒரு வாரும் இருந்துது, படுக்கை வாட்டுல நாய்க்குட்டி மாதிரி இழுக்கணும், திருப்பத்துல ஆடும். 1987ல ராபர்ட் பிளாத்னு ஒரு விமானி பெட்டிய நிமித்தி, ரெண்டே சக்கரம், நீளக் கைப்பிடின்னு மாத்துனாரு, அதாவது நெம்புகோலா ஆக்குனாரு, அப்புறம்தான் உலகமே இழுக்க ஆரம்பிச்சுது.

ஆனா ட்ராலியோட உண்மையான பரீட்சை தரைல இல்ல, படியிலதான். சிராங்கூன் ரோட்டுல பழைய கடை வீடுங்க முன்னாடி இருக்கற அஞ்சடி நடைபாதை தெரியும்ல, சிங்கப்பூர நிறுவுன ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822ல போட்ட நகரத் திட்டத்துல இருந்து வர்ற வழக்கம், கடை முன்னாடி கூரை போட்ட வழி விடணும்னு. வெயில் மழைக்கு சொர்க்கம், ஆனா ஒரு கடை தரைக்கும் அடுத்த கடை தரைக்கும் மட்டம் ஒத்துப் போகாது, இங்க மூணு சென்டிமீட்டர் படி, அங்க ஒரு சாண். எங்க முதல் ட்ராலி செத்தது அங்கதான். பை அவ்ளோ அழகா இருந்துதுன்னு வாங்குனது, சக்கரம் 10 சென்டிமீட்டர் விட்டம், ஒவ்வொரு படியிலயும் முட்டிக்கிட்டு நிக்கும், ஒரு நாள் வேகமா இழுத்ததுல அச்சு முனைல இருந்த கிளிப் தெறிச்சு சக்கரம் தனியா உருண்டு ரோட்டுக்கே போயிருச்சு.

அந்த முட்டல கணக்கா பாக்கலாம். சக்கரம் படிய ஏறணும்னா படியோட விளிம்ப மையமா வச்சு சுத்தி மேல வரணும். சக்கரத்தோட அச்சு படிக்கு எவ்ளோ உயரத்துல இருக்கோ அவ்ளோதான் நமக்கு கிடைக்கற பிடி. 10 சென்டிமீட்டர் விட்டச் சக்கரத்துல அச்சு 5 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கும், 3 சென்டிமீட்டர் படி வந்தா பிடிக்கு மிச்சம் 2தான், பதினஞ்சு கிலோ பாரத்த நேரா இழுத்து ஏத்த 34 கிலோ விசை வேணும். 20 சென்டிமீட்டர் விட்டச் சக்கரத்துக்கு மிச்சம் 7, அதே படிக்கு 15 கிலோ விசைதான். படி அச்சு உயரத்துக்கு வந்துருச்சுன்னா எவ்ளோ பலசாலி நேரா இழுத்தாலும் ஏறாது, தூக்கித்தான் ஆகணும்.

நேரா இழுக்காம மேல் நோக்கி சாய்வா இழுத்தா கணக்கு இன்னும் நல்லா மாறும், சரியான கோணத்துல சின்னச் சக்கரத்துக்கு 14 கிலோவும் பெருசுக்கு 11 கிலோவும் போதும். தள்ளுனா நேர் எதிர், கை கீழ் நோக்கி அமுக்கறதால பாரம் கூடும். பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல புல்வெளி ரோலர இழுக்கறது ஈஸியா தள்றது ஈஸியான்னு ஒரு கேள்வி வரும், அதேதான் இது. எங்க ப்ளாக்ல கீழ இருக்கற ஆன்ட்டி எந்தப் படி வந்தாலும் திரும்பி நின்னு பின்னாடி நடந்து இழுப்பாங்க, அதுவும் கொஞ்சம் கோணலா, ஒரு சக்கரம் ஏறுனதும் அடுத்தது, அதனால ஒரு நேரத்துல பாதி பாரம்தான் ஏறுது.

மூணு மூணு சக்கரமா முக்கோணமா வச்ச ட்ராலியும் பாத்திருப்பீங்க. படில ஒரு சக்கரம் முட்டி நின்னதும் முக்கோணம் முழுசா சுத்தி அடுத்த சக்கரம் மேல் படில உக்காரும். மாடிப்படிக்கு இது அருமை, ஆனா எடை குறையும்னு நெனைக்காதீங்க, ஒரு மாடி ஏத்த வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கு, இடிச்சு இடிச்சு ஏர்றதும் முட்டி நிக்கறதும் மட்டும்தான் போகுது. முன்னெல்லாம் பழைய எச்டிபி ப்ளாக்ல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, லிஃப்ட் எல்லா மாடிலயும் நிக்காது, ஒண்ணு ரெண்டு மாடி நடந்துதான் ஆகணும், அப்போ இதோட அருமை தெரிஞ்சிருக்கும். 2001ல லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்து, அப்புறம் பெரும்பாலான ப்ளாக்ல ஒவ்வொரு மாடிலயும் நிக்க ஆரம்பிச்சுது, இப்போ சாதாரண ரெண்டு சக்கரமே பெரும்பாலும் போதும். வீல்சேருக்காக போடற சாய்தளம் 12க்கு 1னு இருக்கும், அதாவது 12 மீட்டர் போனா 1 மீட்டர் ஏத்தம், பதினஞ்சு கிலோவுக்கு கூடுதலா ஒண்ணேகால் கிலோ விசை, அவ்ளோதான். வீல்சேர்ல போறவங்களுக்காக சண்டை போட்டு வாங்குன வசதில மார்க்கெட் போற ஒவ்வொரு பாட்டியும் போறாங்க, எனக்கு இத நெனச்சா நெஞ்சு நெறையும்.

கடைல ட்ராலி வாங்கும்போது நான் இப்போ பைய தொடறதே இல்ல. சக்கரம் என் வெரிச்ச கைச்சாண் அளவுக்கு வருதான்னு பாப்பேன், நகத்தால அமுக்குனா ரப்பர் கொஞ்சம் குடுக்குதான்னு பாப்பேன், ஏன்னா கெட்டி பிளாஸ்டிக் மால் தரைல நல்லா ஓடும், வெளில ஜல்லி தெரியற ரோட்டுல ஒவ்வொரு கல்லும் அதுக்கு ஒரு குட்டிப் படி, கடகடன்னு வர்ற அந்த சத்தம் நம்ம கை குடுத்த சக்திதான். சக்கரத்தோட அகலம் சாக்கடை மூடி இடுக்குல விழாத அளவு இருக்கணும். அப்புறம் கைப்பிடிய புடிச்சு கடைக்குள்ளயே பத்து எட்டு நடந்து பாப்பேன், குட்டையா இருந்தா ட்ராலி நிமிந்து வந்து குதிகால்ல இடிக்கும்.

போன ஞாயிறு மாமியாரோட நடந்து போயிட்டு வந்தேன். பொன்னி அஞ்சு கிலோ, தேங்காய் நாலு, எண்ணெய், பருப்பு, ரெண்டு வாரத்துக்கு வெங்காயம், மேல வாழையிலை. பஃபலோ ரோடு முனைல அந்த மூணு சென்டிமீட்டர் படி வந்துச்சு, அவங்க பேச்ச நிறுத்தாமலே திரும்பி நின்னு லேசா கோணலா இழுத்தாங்க, டக், டக், ரெண்டு சக்கரமும் ஏறிருச்சு.