வறட்சி காட்டிக்கொடுத்த வட்டம்

2018 ஜூலையில் அயர்லாந்தில் கடும் வறட்சி. பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், உலகப் பாரம்பரியச் சின்னமான நியூகிரேஞ்ச் கல்லறை மேட்டுக்குப் பக்கத்து வயலின் மேல் புகைப்படக்காரர்களான அந்தோணி மர்ஃபியும் கென் வில்லியம்ஸும் ட்ரோன் பறக்கவிட்டார்கள். வெளிறிய பயிருக்கு நடுவே கரும்பச்சையில் ஒரு பெரிய வட்டம் தெரிந்தது, குறுக்களவு கிட்டத்தட்ட 150 மீட்டர்! புதிய கற்காலத்தின் கடைசியில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், மக்கள் கூடிச் சடங்கு செய்ய அமைத்த இடமாக இருக்கும் என்கிறார்கள் தொல்லியலாளர்கள்.

நிலத்துக்கு மேலே ஒன்றும் மிச்சமில்லை, அப்புறம் எப்படித் தெரிகிறது?

அன்றைக்கு இறுகிய அடிமண் வரைக்கும் வெட்டிப் பள்ளம் எடுத்தார்கள், மரத்தூண் நடக் குழி பறித்தார்கள். இடம் கைவிடப்பட்ட பிறகு மழையில் கரைந்து வந்த மண்ணும் மக்கிய இலைதழையும் சேர்ந்து எல்லாம் தூர்ந்துபோயின. மேலே சமமாகிவிட்டாலும் அங்கே மட்டும் நல்ல மண் ஆழமாக இருக்கிறது, ஆழமான மண் ஈரத்தையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். மழை நன்றாகப் பெய்தால் எல்லாச் செடிக்கும் தண்ணீர் கிடைப்பதால் வித்தியாசமே தெரியாது. வாரக்கணக்கில் மழை பொய்த்தால்தான் கதை மாறும்: மேல்மண் மெலிந்த இடத்தில் ஈரம் தீர்ந்து பயிர் குட்டையாகவே நின்று சீக்கிரம் பழுத்துவிடும், பழைய பள்ளத்தின் மேல் நிற்கும் பயிரோ வேரைக் கீழே இறக்கி இன்னும் கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும். புதைந்திருப்பது கல்சுவர் என்றால் நேர்மாறு, அதன் மேல்தான் பயிர் முதலில் வாடும்.

வயலுக்குள் நின்று பார்த்தால் சில செடிகள் கொஞ்சம் உயரம், கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான். உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் திட்டுத்திட்டான பச்சை வட்டமாகச் சேர்கிறது, தூண் குழிகள்கூட வரிசையாகத் தெரிகின்றன.

இது தனியார் நிலம், பார்க்கப் போகிறவர்கள் வயலுக்குள் இறங்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதே அங்கே குற்றம், அது சரியான சட்டம் என்றுதான் நினைக்கிறேன். தோண்டிக் கலைத்த மண் அடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. தோண்டாமலே பார்க்கவும் வழி உண்டு: பள்ளத்தில் நிரம்பிய மேல்மண்ணுக்குக் காந்தத்தன்மை கூடுதல் என்பதால், அளவிடும் கருவியோடு வயலில் நடந்தே வரைபடம் எடுத்துவிடலாம்.

என் கவலையெல்லாம் ஆழ உழவுதான். கலப்பை இன்னும் ஒரு சாண் கீழே இறங்கினால் தூண் குழிகளில் மிஞ்சியிருப்பதும் போய்விடும்.