தயிரில் பழத்தை எப்போது சேர்ப்பது?

அன்னாசிப் பழத்தை அரைத்து, வெதுவெதுப்பான பாலில் கலந்து உறை ஊற்றினால் காலையில் தயிர் இருக்காது. கசப்பேறிய தண்ணீரும் அதில் மிதக்கும் திரிந்த கட்டிகளும்தான் மிஞ்சும். உறை சரியில்லை என்று நினைப்போம். உண்மையில் பழம் சேர்ந்த நேரம்தான் தப்பு.

பாலில் கேசீன் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உறையில் உள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் பல்கேரிகஸ் என்ற இரு பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. பாலின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 6.7 அளவிலிருந்து இறங்கி 4.6-ஐ நெருங்கும்போது அந்தத் தள்ளல் அற்றுப்போகும். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது ஐந்தாறு மணி நேரம் மெல்ல நடப்பதால் சீரான வலை உருவாகி, தண்ணீரைத் தனக்குள் பிடித்துவைக்கிறது. அதே பாலில் ஆரஞ்சுச் சாற்றை ஊற்றினால் அமிலம் ஒரே நொடியில் ஏறும். வலை பின்ன நேரம் கிடைக்காமல் பால் கட்டிகட்டியாகத் திரிந்துவிடும்.

அன்னாசி இன்னொரு கேட்டையும் செய்கிறது. அதிலுள்ள ப்ரோமலைன் என்ற நொதி புரதத்தையே வெட்டிப் போடுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள்தான் கசக்கின்றன. பச்சையாகச் சேர்க்கும் பப்பாளி, கிவி, அத்தி ஆகியவற்றிலும் இதே வகை நொதிகள் உண்டு. வேகவைத்தால் அவை செயலிழக்கும்.

ஆகவே உறை ஊற்றுமுன் பாலில் சேரத் தகுந்தவை சர்க்கரை, வெனிலா, காப்பி போன்ற புளிப்பில்லாத பொருள்கள் மட்டுமே. 1 லிட்டர் பாலுக்கு 60 முதல் 70 கிராம் சர்க்கரை போதும். 100 கிராமைத் தாண்டினால் பாக்டீரியாக்கள் மந்தமாகித் தயிர் தாமதமாகத்தான் உறையும். அவற்றுக்கு வேண்டிய தண்ணீரைச் சர்க்கரை தன்பக்கம் இழுத்துக்கொள்வதே காரணம். காப்பித் தூளைச் சூடான பாலில் ஊறவைத்து வடிகட்டலாம். வெனிலா எசன்ஸை மட்டும் பால் ஆறிய பிறகு விடுங்கள்; சூட்டில் மணம் பறந்துவிடும்.

இந்த 1 லிட்டர் பாலை 85 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். பொங்கியதும் அணைத்துவிடுவதால்தான் பலருக்குத் தயிர் தளர்வாக வருகிறது. இந்தச் சூட்டில், பாலின் தண்ணீரில் கரைந்திருக்கும் மோர்ப்புரதங்கள் விரிந்து கேசீனோடு ஒட்டிக்கொண்டு வலையை உறுதியாக்குகின்றன. 25 கிராம் பால் பவுடரையும் கரைத்தால் இன்னும் கெட்டியாகும். பிறகு 43 டிகிரிக்கு ஆறவிட்டு, இனிப்போ மணமோ சேராத புதிய தயிர் 2 மேசைக்கரண்டியைக் கட்டியில்லாமல் கலக்கி ஊற்றுங்கள். 50 டிகிரிக்கு மேல் இருந்தால் பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும். அதிக உறை விட்டால் சீக்கிரம் புளித்துத் தண்ணீர் பிரியும். உறையும்வரை பாத்திரத்தை அசைக்கவே கூடாது.

பழக்கூழைத் தனியாகத் தயாரியுங்கள். 250 கிராம் பழத்துண்டுகளுடன் 50 கிராம் சர்க்கரை சேர்த்துச் சிறுதீயில் கிளறுங்கள். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் கோடு கிழித்தால், அது உடனே மூடாமல் ஒரு கணம் நிற்க வேண்டும். அதுவே பதம். பழத்தின் தண்ணீர் வற்றும், நொதி அடங்கும், தோலில் ஒட்டியிருந்த ஈஸ்ட்டும் சாகும். வேகாத பழம் கலந்த தயிரில் இரண்டு மூன்று நாளில் நுரையும் சாராய வாடையும் வந்தால் அது ஈஸ்ட்டின் வேலை. அதைக் கொட்டிவிடுவதே சரி.

தயிர் குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது 4 மணி நேரம் இருந்து இறுகட்டும். கூழும் அதே அளவு குளிர்ந்திருக்க வேண்டும். 1 கிலோ தயிருக்கு 150 முதல் 200 கிராம் கூழை, அடியிலிருந்து மேலாக நாலைந்து முறை மட்டும் புரட்டிக் கலக்குங்கள். மிக்சியில் அடித்தால் வலை சிதைந்து பானமாகிவிடும். (பானமே வேண்டுமென்றால் தாராளமாக அடிக்கலாம்.) மெல்லக் கலக்கினாலும் கொஞ்சம் இளகத்தான் செய்யும், இரவு முழுக்கக் குளிரில் இருந்தால் ஓரளவு மீளும். அதற்கும் மேல் கெட்டி வேண்டுமானால், பழம் சேர்க்கும் முன்பே தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் வடியவிடுங்கள்.

குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். அதனால் கூழைச் சூடாக இருக்கும்போது ருசி பார்த்தால், ஒரு துளி தூக்கலாக இனிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.