சுடாத ஹீட் சிங்க் சொல்லும் சேதி

மேற்கு மாம்பலத்தில் பெரியம்மா வீடு. கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மே மாத மதியம், தம்பியின் கம்ப்யூட்டர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துகொண்டிருந்தது. பழுது பார்க்கும் கடையில் காட்டியபோது, கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர் போய்விட்டது, அது உட்காரும் பலகையான மதர்போர்டோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்லூரி ப்ராஜெக்டை ஒப்படைக்க ஒரு வாரம்தான் பாக்கி. "அண்ணா, நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று கூப்பிட்டான்.

கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குப் போனேன். ப்ராசசரின் வெப்பநிலை 92 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. அதன் மேல் உட்கார்ந்து, சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்கின் அலுமினியத் தகட்டில், சுழலும் விசிறியில் படாமல், ஓரமாக விரலை வைத்தேன். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அடுப்பு எரிகிறது, மேலே வைத்த பாத்திரம் சுடவில்லை. பழுது எங்கே என்பதை அந்த ஒரு தொடுதலே சொல்லிவிட்டது.

ப்ராசசருக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு நூறு கோடிகளில் திறந்து மூடுகின்றன. அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. 65 வாட் என்றால் ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 65 வாட்டும் பிறக்கும் சிலிக்கான் சில்லின் பரப்பு ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர்தான். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு 150 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாது. கணக்குப் போட்டால், சதுர சென்டிமீட்டருக்கு இஸ்திரிப் பெட்டி ஆறேழு வாட். ப்ராசசரோ முப்பது, நாற்பது வாட். இந்தச் சூடு சில்லிலிருந்து மூடித் தகட்டுக்கும், அங்கிருந்து ஹீட் சிங்குக்கும், கடைசியில் காற்றுக்கும் இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எங்கே தடைபட்டாலும் பின்னால் தேங்கும்.

ஹீட் சிங்க் சுடவில்லை என்றால், தேக்கம் பெரும்பாலும் உலோகமும் உலோகமும் சேரும் இடத்தில்தான். கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரியும் இரண்டு தகடுகளும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ள, பள்ளங்களில் காற்று நிற்கும். தாமிரத்தின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400. காற்றினுடையது அதே அலகில் 0.026. பதினைந்தாயிரம் மடங்கு வித்தியாசம்! அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். அது காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். உலோகத்தோடு ஒப்பிட்டால் மிகவும் மோசம். அதனால் பேஸ்டை அப்பி வைப்பது பயனில்லாத வேலை. சாதாரண ப்ராசசருக்குப் பட்டாணி அளவில் ஒரு பொட்டு வைத்து, ஹீட் சிங்கை மேலே அழுத்தினால் தானே பரவிக்கொள்ளும். சில ஆண்டுகளில் பேஸ்ட் காய்ந்து வெடிப்பு விட்டுவிடும். அப்போது மீண்டும் காற்று புகுந்துகொள்ளும்.

ஹீட் சிங்க் நன்றாகச் சுடுகிறது, ப்ராசசரும் கொதிக்கிறது என்றால் கதை வேறு. சூடு தகடு வரை ஒழுங்காக வந்துவிட்டது. அங்கிருந்து எடுத்துப்போகக் காற்று இல்லை. சென்னை வீடுகளில் இதுதான் அதிகம் என்பது என் அனுபவம். தெருப் புழுதியும் சமையலறை எண்ணெய்ப் புகையும் கடற்கரை ஈரமும் சேர்ந்து, தகடுகளுக்கு நடுவே கம்பளி போல ஒட்டிக்கொள்ளும். விசிறி சுழல்வது தெரியும், காற்று நுழையாது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தூரிகையும் ஊதுகருவியும் கொண்டு சுத்தம் செய்யலாம்; ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் கெட்டுப்போகும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். கதவு வைத்த மரமேசைக்குள் கேபினெட்டை அடைத்து வைப்பதும் இதே கேட்டைத்தான் செய்கிறது: தான் விட்ட சூடான மூச்சைத் தானே திரும்ப இழுக்கிறது. பக்கத் தகட்டைத் திறந்து, மேசை விசிறியைக் காட்டிப் பாருங்கள். வெப்பநிலை பத்து டிகிரி சரிந்தால் குற்றவாளி கேபினெட்டின் காற்றோட்டம்தான்.

விசிறிதான் ஓடுகிறதே என்று பலர் கேட்கிறார்கள். கூரை விசிறிக்குக் கீழே நமக்குக் குளிர்வது பெரும்பாலும் வியர்வை ஆவியாவதால்தான். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. அலுமினியத்துக்கு வியர்க்காது. அறைக் காற்று எவ்வளவு சூடோ, அதற்குக் கீழே எந்த விசிறியாலும் ப்ராசசரைக் கொண்டுபோக முடியாது. முழு வேலையில் அறையைவிட 45 டிகிரி ஏறும் கம்ப்யூட்டர், 26 டிகிரி ஏ.சி. அறையில் 71-ல் நிற்கும். 38 டிகிரி அறையில் 83-க்குப் போய்விடும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் இது. மார்கழியில் தெரியாத கோளாறு சித்திரை, வைகாசியில் வெளிப்படுவது இதனால்தான்.

பல ப்ராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமே வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்கின்றன. கம்ப்யூட்டர் மந்தமாவது அப்போதுதான். அதற்கும் அடங்காமல் ஏறினால் சட்டென்று அணைந்துவிடும். அது ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் செயல். சூடாகி அணைந்ததை வைத்தே ப்ராசசர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு குழல் பேஸ்ட் வாங்கிப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு வைப்பது ஒரு மாணவனுக்குச் செய்யும் அநியாயம்.

தம்பியின் மதர்போர்டில் ஹீட் சிங்கை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் பிடித்திருந்தன. அவற்றில் ஒன்று மேலே எழும்பியிருந்தது. ஹீட் சிங்க் ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. வில்லிவாக்கத்திலிருந்து வீடு மாறியபோது கம்ப்யூட்டர் குட்டி யானை வண்டியில் குலுங்கி வந்ததாகப் பெரியம்மா சொன்னார். ரிச்சி தெருவுக்குப் போய்ப் பேஸ்ட் வாங்கி வந்தோம். காய்ந்த பழையதை ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடைத்து, புதுப் பொட்டு வைத்து, எதிரெதிர் மூலையாக ஊசிகளை அழுத்தினேன். நான்கும் 'டக்' என்று விழுந்தன. மதர்போர்டின் பின்புறம் நான்கு முனைகளும் வெளியே தெரிகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தான் தம்பி.

அரை மணி நேரம் முழு வேலை கொடுத்தோம். திரையில் 74. ஹீட் சிங்கின் ஓரத்தில் விரல் வைத்தேன். இப்போது நன்றாகச் சுட்டது.