செத்தது டேட்டாபேஸ், தின்றது யார்?

இணையதளம் திடீரென்று படுத்துவிடுகிறது. சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் டேட்டாபேஸ் ஓடவில்லை. அதை மறுபடி கிளப்பிவிட்டால் எல்லாம் சரியாகிறது. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அதே கதை. பலரும் இங்கேதான் டேட்டாபேஸின் அமைப்புகளை நோண்டத் தொடங்கிப் பாதி நாளைத் தொலைப்பார்கள்.

குற்றவாளி பெரும்பாலும் வேறு எங்கோ இருப்பான். நினைவகம் கொடுப்பதில் சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் தாராள மனசுக்காரன். ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) 1 ஜிபி கேட்டால் உடனே தலையாட்டிவிடும். ஆனால் எதையும் எடுத்துக் கையில் கொடுக்காது. அந்த இடத்தில் ப்ராசஸ் முதன்முதலாக எழுதும்போதுதான், பெரும்பாலான சர்வர்களில் 'பக்கம்' எனப்படும் 4 கேபி துண்டுகளாக, நிஜமான ரேம் போய்ச் சேரும். வாக்கு வாங்கிய எல்லோரும் ஒரே நேரத்தில் வசூலிக்க வந்தால் கையிருப்பு பத்தாது. ரேம் பத்தாதபோது கைகொடுக்கும் வட்டு இடமான ஸ்வாப்பும் நிரம்பிவிட்டால், லினக்ஸின் மையமான கெர்னலுக்கு மிஞ்சுவது ஒரே வழி: யாரையாவது கொன்று இடம் பிடிப்பது. அந்த வேலையைச் செய்வதுதான் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர்.

அது விசாரணை எல்லாம் நடத்தாது. எந்த ப்ராசஸ் எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடும். முதலிடம் வந்ததைக் கொல்லும். தனியாகப் பார்த்தால் மிகப் பெரியது பெரும்பாலும் டேட்டாபேஸ்தான். பக்கத்தில் இணையதளக் கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ்களான வொர்க்கர்கள் இருநூறு பேர் கூட்டாகத் தின்றுகொண்டிருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே அப்பாவி.

கணக்குப் போடலாம். சர்வரில் 8 ஜிபி ரேம். டேட்டாபேஸுக்கு 3, இயங்குதளம் முதலான மற்றவைக்கு 1, மிச்சம் 4. ஒரு வொர்க்கர் 60 எம்பி பிடித்தால் 68 பேருக்குத்தான் இடம். ஆனால் அப்பாச்சி 2.4 என்ற வெப்சர்வரில், ஒவ்வொரு வொர்க்கரும் தனி ப்ராசஸாக ஓடும் ப்ரீஃபோர்க் முறையில், நாம் எதையும் மாற்றாவிட்டால் உச்சவரம்பு 256. அத்தனை பேரும் எழுந்தால் 15 ஜிபி வேண்டும்! மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அத்தனை பேர் எழ வேண்டிய தேவை வராததுதான்.

தேவை எப்போது வரும்? கூட்டம் கூடினால் என்று நினைப்போம். கூடவே வேண்டாம். வினாடிக்கு 40 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 0.2 வினாடியில் முடிகிறது என்றால் சராசரியாக 8 வொர்க்கர்கள் போதும். டேட்டாபேஸிடம் கேட்கும் ஏதோ ஒரு குவெரி, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இல்லாமல் தடுமாறி, அதே கோரிக்கைகள் 5 வினாடி இழுத்தால் 200 பேர் வேண்டும். வரவு வீதத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கும் இந்த விதியை அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தார். ரேம் போதாமல் ஸ்வாப் தொடங்கியதும் ஒவ்வொரு கோரிக்கையும் இன்னும் இழுக்கும், இன்னும் வொர்க்கர்கள் எழுவார்கள்.

தடயம் கெர்னல் பதிவில் இருக்கிறது. கொல்வதற்கு முன் ஓஓஎம் கில்லர் அப்போது ஓடிய ப்ராசஸ்களின் பட்டியலை எழுதி வைக்கும். அதில் ஒவ்வொரு ப்ராசஸும் நிஜமாகப் பிடித்திருக்கும் ரேமைக் காட்டும் ஆர்எஸ்எஸ் நெடுவரிசை பைட்டுகளில் இல்லை, அந்த 4 கேபி பக்கங்களில். 4 கேபியால் பெருக்க வேண்டும். இது தெரியாமல் பட்டியலைப் பார்த்து 'எல்லாம் சின்னதாகத்தானே இருக்கிறது' என்று மூடிவிடுவது எளிது. இறந்தவர் பெயரை விடுங்கள். ஒரே பெயர் எத்தனை வரிகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். (பகிர்ந்துகொள்ளும் நினைவகம் ஒவ்வொரு வரியிலும் சேர்வதால் கூட்டுத்தொகை கொஞ்சம் கூடுதலாகவே வரும்.)

கூட்டமாக இல்லாமல் ஒரே ப்ராசஸ் மட்டும் நாள் முழுக்க ஏறிக்கொண்டே போனால் அது நினைவகக் கசிவு, வேறு வியாதி. வொர்க்கரைச் சில ஆயிரம் கோரிக்கைகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிச் சமாளிக்கலாம். கசிவு அப்படியேதான் இருக்கும்.

நம் வழக்கில் முதல் வேலை ரேம் வாங்குவதல்ல. உச்சவரம்பை 60-க்கு இறக்குவது. அப்புறம் வரும் கோரிக்கைகள் வரிசையில் காத்திருக்கும், தளம் மெதுவாகும், ஆனால் டேட்டாபேஸ் உயிரோடு இருக்கும். அந்த 5 வினாடி குவெரியை அதனிடமே கேட்டுக் கண்டுபிடிக்கலாம்.