ஆசிரியருக்கு எழுதும் கடிதம் எங்கே போகிறது?

ஒரு செய்தியால் பாதிக்கப்பட்டவர் பத்திரிகைக்கு எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் கோபத்தில் எழுதப்படுகிறது. செய்தி தவறு என்று தொடங்கும். இரண்டாம் பத்தியில் நிருபர் பணம் வாங்கிக்கொண்டு எழுதிவிட்டார் என்று வரும். அடுத்து, இந்தக் கடிதத்தை அப்படியே முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பார். போடாவிட்டால் வழக்கு என்று முடிப்பார்.

எழுதியவருக்கு இது ஒரே கடிதம். பத்திரிகை அலுவலகத்துக்கு இது நான்கு. பிழை பற்றிய பகுதி செய்தி ஆசிரியருக்கு உரியது. நிருபர் மீதான புகாரை ஆசிரியர் தனியாக விசாரிக்க வேண்டும். கடிதத்தை வெளியிடுவது, வாசகர் பக்கம் பார்க்கிற உதவி ஆசிரியருடைய வேலை. 'வழக்கு' என்ற சொல் கண்ணில் பட்டதும் மொத்தத் தாளும் நிறுவன வழக்கறிஞரின் கோப்புக்குள் போய்விடும். அங்கே போன கடிதத்துக்குச் சுலபத்தில் பதில் வராது. திருத்தம் போட்டால் அதுவே தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று வழக்கறிஞர் தடுப்பார். மறுநாளே நான்கு வரித் திருத்தத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இப்படித்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது. ஆகவே ஒரு கடிதத்தில் ஒரு வேலைதான் இருக்கட்டும். தேவையென்றால் நான்கு கடிதம் எழுதுங்கள்.

பிழையைச் சுட்டும் கடிதத்தில் முதல் வரியிலேயே இருக்க வேண்டியவை: தேதி, எந்த ஊர்ப் பதிப்பு, பக்க எண், தலைப்பு. பதிப்பைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சென்னைப் பதிப்பில் 5ஆம் பக்கத்தில் வந்தது மதுரைப் பதிப்பில் இல்லாமலே போகலாம், அல்லது வேறு தலைப்போடு சுருங்கி வந்திருக்கலாம். ஒரே ஊருக்குள்ளும் முன்னிரவில் அச்சாகி வெளியூர் போகும் பிரதியும், நள்ளிரவுக்குப் பிறகு நகரத்துக்கென்று அச்சாகும் பிரதியும் வேறுபடும். டெஸ்க்கில், அதாவது செய்திகளைச் சரிபார்த்துத் திருத்தும் பிரிவில், இருப்பவர் தன் மேசையில் கிடக்கும் பிரதியைப் புரட்டிவிட்டு 'அப்படி ஒன்றும் வரவில்லையே' என்று கடிதத்தை ஓரம் வைப்பது இதனால்தான்.

அடுத்து, தவறான வாக்கியத்தை அச்சில் உள்ளபடியே எடுத்து எழுதி, சரியான தகவலையும் அதற்கான ஆவணத்தையும் சேர்க்க வேண்டும். 'செய்தி முழுவதும் பொய்' என்று எழுதினால் டெஸ்க்குக்குச் சரிபார்க்க ஒன்றும் கிடைக்காது. 'மூன்றாம் பத்தியில் டெண்டர் தொகை 1.4 கோடி என்று இருக்கிறது. அது 14 லட்சம், ஆணை நகல் இணைத்திருக்கிறேன்' என்று எழுதினால் அன்று மாலைக்குள் நிருபரைக் கேட்டே ஆக வேண்டும்.

ஆங்கிலச் செய்தியிலிருந்து எடுத்து எழுதும்போது மில்லியன், பில்லியன் கணக்கு தடுக்கிவிடும். 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். அவசரத்தில் ஒரு சுழியம் கூடும் அல்லது விழும். இதைவிட மோசமான வகை, பெயர்க் குழப்பம். காவல் நிலையத்திலிருந்து வரும் பிரஸ் நோட்டில் 'முருகன் (34)' என்று இருக்கும், தெருவும் இருக்கும். அந்தத் தெருவில் அதே வயதில் இன்னொரு முருகன் இருப்பார். மறுநாள் காலை கடைத்தெருவில் அவர் பட்ட பாட்டைச் சொல்லி ஒரு கடிதம் வரும். இதில் ஆசிரியர் அவசரப்படவும் கூடாது, தாமதிக்கவும் கூடாது. எழுதியவரின் அடையாள அட்டை நகலை வாங்கி, எஃப்ஐஆரில் உள்ள தந்தை பெயர், கதவு எண்ணோடு ஒப்பிட்டு, வேறு ஆள் என்று உறுதியானதும், 'அச்செய்தியில் குறிப்பிடப்பட்டவர் வேறு, இவர் வேறு' என்று தெருவையும் தந்தை பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். இதற்கும் கடிதம் எழுதியவரின் சம்மதம் வேண்டும். சிலர், இன்னொரு முறை பெயர் வந்தால் பார்க்காதவர்களும் பார்ப்பார்கள் என்று பயப்படுவார்கள். அது நியாயமான பயம்தான்.

திருத்தம் எழுதுவதும் ஒரு கைவேலை. எந்தத் தேதி, எந்தப் பக்கம், என்ன தவறாக வந்தது, சரி எது: இந்த நான்கும் இருந்தால் போதும். 'அச்சுப் பிழையால்' என்ற வழக்கமான சொல்லை, உண்மையிலேயே அச்சுக்கோப்பில் நேர்ந்த பிழைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நிருபர் கேட்காமல் எழுதியதற்கு அச்சைக் குற்றம் சொன்னால், விவரம் தெரிந்த வாசகர் அடுத்த கடிதத்தில் அதைப் பிடித்துவிடுவார். அச்சில் திருத்தம் போட்டுவிட்டு இணையதளத்தில் பழைய பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது இன்று அதிகம் நடக்கும் கோளாறு. தேடினால் வருவது அந்தப் பழைய பக்கம்தானே. அதையும் மாற்றி, மாற்றியதாக அடியில் ஒரு குறிப்பும் தேதியும் வேண்டும். பிரிட்டனின் 'தி கார்டியன்' 1997இல் திருத்தங்களுக்கென்று அன்றாடப் பத்தியும், அதைப் பார்க்க வாசகர்களுக்கான தனி ஆசிரியரையும் ஏற்படுத்தியது. சென்னையின் 'தி இந்து' 2006இல் அதே போன்ற பதவியை உருவாக்கியது. செய்தியைப் போட்டவரே புகாரையும் விசாரிக்கும் சங்கடம் இந்த ஏற்பாட்டில் இல்லை. பெரும்பாலான பத்திரிகைகளில் அந்தச் சங்கடம் இன்னும் இருக்கிறது.

மறுப்பு, திருத்தத்திலிருந்து வேறு. இங்கே தகவல் தவறு என்பது இன்னும் முடிவாகவில்லை; பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்கிறார். பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் சட்டபூர்வ அமைப்பான பிரஸ் கவுன்சிலின் நடத்தை விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பாதிக்கப்பட்டவரின் மறுப்பைத் தாமதமின்றி, உரிய முக்கியத்துவத்தோடு, கட்டணமில்லாமல், முழுதாகவோ சுருக்கியோ வெளியிட வேண்டும். அதன் உண்மையில் ஆசிரியருக்குச் சந்தேகம் இருந்தால் கீழே தனியாகச் சிறு குறிப்புச் சேர்க்கலாம். ஆனால் அசைக்க முடியாத ஆவணமோ சான்றோ கையில் இருந்தால் மட்டுமே. மறுப்பு பத்து வரி, ஆசிரியர் குறிப்பு முப்பது வரி என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது விதிக்கு நேர் எதிர். 'நமது நிருபர் தம் செய்தியில் உறுதியாக இருக்கிறார்' என்ற ஒற்றை வரியும் சான்று ஆகாது.

அந்த வரியை எழுதும் முன் ஆசிரியர் நிருபருக்கு எழுத வேண்டிய உள் கடிதம் ஒன்று உண்டு. 'ஏன் இப்படி எழுதினாய்' என்று கேட்டால் நிருபர் தற்காப்பில் இறங்கிவிடுவார். இந்தத் தகவலைச் சொன்னது யார், எப்போது, நேரிலா போனிலா, எதிர்த்தரப்பை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், குறிப்பேட்டின் எந்தப் பக்கம், டெஸ்க்கில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியம். 'விசாரணை நடக்கிறது' என்று நிருபர் அனுப்பியதைத் தலைப்பு வைத்தவர் 'அம்பலம்' ஆக்கியிருப்பார். பழி நிருபர் தலையில் விழுந்திருக்கும். குறிப்பேடு, ஒலிப்பதிவு, அனுப்பிய மூலப் பிரதி மூன்றையும் குறைந்தது 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். அச்சில் வந்த அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குத் தொடுக்கக் காலவரம்பு ஓராண்டு. 2 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றவியல் அவதூறுக்கு 3 ஆண்டு.

பொது வாழ்வில் இருப்பவர்கள் கடிதம் எழுதுவது குறைவு. இரவு 10 மணிக்கு உதவியாளர் போன் செய்வார்; 'ஐயா வருத்தப்படுகிறார்' என்பதற்கு மேல் எதுவும் தெளிவாக இருக்காது. இதற்கு ஒரே வழி அதை எழுத்தாக்குவதுதான். பேசி முடித்ததும் நேரம், பேசியவர், சொன்னது மூன்றையும் குறித்துக்கொண்டு, 'இன்று இரவு 10.10க்கு நீங்கள் சொன்னது இது. இதை உங்கள் மறுப்பாக எடுத்துக்கொள்ளலாமா, எந்த வரி தவறு' என்று மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். பாதிப் புகார்கள் அந்த மின்னஞ்சலோடு அடங்கிவிடும். மீதி உண்மையான மறுப்பாக வரும், அதை மதித்துப் போடலாம்.

எதிர்த் திசையிலும் இதே ஒழுங்கு தேவை. ஒரு அதிகாரியிடம் கருத்துக் கேட்கும்போது கேள்விகளுக்கு எண் போட்டு, எந்தக் குற்றச்சாட்டுக்கு என்ன பதில் வேண்டும் என்று தெரியும்படி அனுப்ப வேண்டும். 9 மணிக்குப் பக்கம் மூடப்போகிறது, 8.45க்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டு 'கருத்துக் கேட்டோம், பதில் இல்லை' என்று எழுதுவது கேட்டதாகவே ஆகாது. இதில் சட்ட லாபமும் இருக்கிறது. நக்கீரன் இதழ் தொடர்பான 1994ஆம் ஆண்டு ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியரின் அலுவல் சார்ந்த செயல்பாடு பற்றிய செய்திக்கு அவர் நஷ்டஈடு கேட்கும்போது, நியாயமான அளவு சரிபார்த்த பிறகே வெளியிட்டோம் என்று காட்டினால் போதும் என்றது. சரிபார்த்ததைக் காட்ட அந்தக் கடிதப் போக்குவரத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

வாசகர் பக்கக் கடிதங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 150 சொல்லுக்குள் ஒரு கருத்து, முழுப் பெயர், முகவரி, போன் எண். எதைப் போடுவது என்பது ஆசிரியரின் உரிமை. சுருக்கலாம், ஆனால் பொருளைத் திருப்பக் கூடாது. ஒரே வாசகம் இருபது பெயர்களில் வந்தால் அது யாரோ ஏற்பாடு செய்தது; இரண்டு பேருக்கு போன் போட்டால் தெரிந்துவிடும். ஒன்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைக்கு நியாயம் கேட்டு ஊர்க்காரர்கள் எழுதும் கடிதத்தில் பள்ளி, தெரு, தாயின் பெயர் எல்லாம் இருக்கும். எழுதியது வாசகர்தானே என்று போட்டுவிட முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் தடுக்கிறது. ஊழியர் செய்த தவறுக்கு வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு.

இன்னொரு வகைக் கடிதம், 'என் பெயர் வெளியே வரக் கூடாது' என்று தொடங்குவது. அலுவலக ஊழல் பற்றி உள்ளிருப்பவர் எழுதியது. இங்கே ஆசிரியர் செய்யும் மிகச் சாதாரணமான தவறு, பெயரை மட்டும் மறைத்துவிட்டு அந்தத் தாளையே படம் எடுத்துச் சம்பந்தப்பட்ட துறைக்குக் கருத்துக் கேட்டு அனுப்புவது. கையெழுத்து, சொல் பழக்கம், கோப்பு எண்ணை எழுதும் விதம் எல்லாம் ஆளைக் காட்டிக் கொடுக்கும். 2017இல் அமெரிக்காவில் 'தி இன்டர்செப்ட்' தளம், தபாலில் வந்த ரகசிய ஆவணத்தின் நகலை உண்மைதானா என்று அறிய அரசு நிறுவனத்திடமே காட்டியது. நகலில் மடிப்புத் தடம் தெரிந்தது. ஆகவே யாரோ அச்சிட்டு வெளியே எடுத்துப் போயிருக்கிறார்கள். அச்சிட்டவர்கள் ஆறு பேர். அதில் ஒருவருடைய அலுவலகக் கணினியில் அந்தத் தளத்தோடு மின்னஞ்சல் தொடர்பு இருந்தது. ரியாலிட்டி வின்னர் என்ற அந்த இளம்பெண்ணுக்கு 2018இல் 5 ஆண்டு 3 மாதச் சிறை.

கடிதத்தை அனுப்பாதீர்கள், அதில் உள்ள தகவலை உங்கள் சொற்களில் கேள்வியாக்கி அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த தகவலாக இருந்தால், வேறொரு வழியில் உறுதி செய்யும்வரை கேட்கவே வேண்டாம். தகவல் தருபவர்களுக்கும் ஒன்று: வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பும் புகைப்படத்தில் எடுத்த நேரமும், சில வேளை இடமும் ஒட்டிக்கொண்டே போகும். பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15ஆம் பிரிவு, செய்தி மூலத்தைச் சொல்லும்படி கவுன்சில் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நீதிமன்றத்தில் அப்படி ஒரு தனிச் சட்டக் காப்பு இந்தியாவில் இல்லை.

கையில் கிடைத்த கடிதத்தையெல்லாம் அச்சிடலாமா என்பதும் பழைய கேள்விதான். 1919 ஆகஸ்டில் காந்தி தன் 'யங் இந்தியா'வில், சத்தியாகிரக உறுதிமொழியில் கையெழுத்திட்ட வழக்கறிஞர்கள் பற்றி அகமதாபாத் மாவட்ட நீதிபதி உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தை வெளியிட்டு, கடுமையான விமர்சனமும் எழுதினார். விஷயம் அப்போது உயர் நீதிமன்றத்தின் முன் நிலுவையில் இருந்தது. உயர் நீதிமன்றத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வாசகம் எழுதிக் கொடுத்து, இப்படி மன்னிப்புப் போடு என்றார்கள். ஆசிரியரின் கடமையைத்தான் செய்தேன் என்று காந்தி மறுத்தார். 1920 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரையும் வெளியீட்டாளர் மகாதேவ் தேசாயையும் அவமதிப்புக் குற்றத்துக்காகக் கண்டித்து எச்சரித்தது. காந்தியின் பதில்களில் கெஞ்சலும் இல்லை, ஏச்சும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஆசிரியர் பதில் தராவிட்டால் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். அதற்கு முதல் நிபந்தனை, ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பதே. நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள், மற்ற இதழ்களுக்கு 4 மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். வக்கீல் நோட்டீஸ், பதில் நோட்டீஸ் என்று நாளை ஓட்டிவிட்டு வருபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆசிரியருக்கு எழுதியதன் நகல், வந்திருந்தால் பதில், செய்தி நறுக்கு, தமிழ் இதழ் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு, இதே விஷயம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி, எல்லாம் சேர வேண்டும். கட்டணம் இல்லை. கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும். அபராதமோ நஷ்டஈடோ விதிக்க முடியாது. பணம் வேண்டும் என்பவருக்கு ஓராண்டு வரம்புள்ள சிவில் வழக்குத்தான்.

செய்தி வந்த அன்றே காகிதப் பிரதியை வாங்கி முழுப் பக்கமாக எடுத்து வையுங்கள். இ-பேப்பரையும் தேதியும் பதிப்பும் தெரிகிற மாதிரி சேமியுங்கள். பத்து நாள் கழித்துக் கடைக்காரரிடம் போனால், பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துப் போயிருப்பார்.