அல் அஹ்சாவில் அரிவாள் செல்கள் ஏன் தாமதமாக வளைகின்றன?

அரிவாள் செல் சோகை ஆப்பிரிக்கர்களின் நோய் என்றுதானே படித்தோம், சவுதி அரேபியாவில் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் அதற்கான இரத்தப் பரிசோதனையை ஏன் கட்டாயமாக்கினார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நாம் படித்தது பாதிதான் சரி. மலேரியா பல தலைமுறைகளாக ஆட்டிப்படைத்த பல இடங்களில் இந்த மரபணு தங்கிவிட்டது. ஒரு பிரதி மட்டும் இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து உயிர் தப்பலாம். இரண்டும் சேர்ந்தால் நோய். அரேபியா முழுக்கப் பாலைவனம் அல்ல. கிழக்கே அல் அஹ்சாவும் கதீஃபும் ஊற்று நீர் பாயும் பேரீச்சைச் சோலைகள். அங்கே தேங்கிய வாய்க்கால்களும் கொசுவும் இருந்தன, மலேரியாவும் இருந்தது. 1940களின் இறுதியில் அராம்கோ எண்ணெய் நிறுவனம் டிடிடி தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் அது அடங்கியது. கொசு போய்விட்டது, மரபணு போகவில்லை. இன்றும் கிழக்கு மாகாணத்தில் சுமார் 17 சதவீதம் பேர் அதைச் சுமக்கிறார்கள்.

ஆனால் 1970களில் அராம்கோ மருத்துவர் ரிச்சர்ட் பெரைனும் உடன் ஆய்வு செய்தவர்களும் கவனித்தது வேறொரு விஷயம். இரண்டு பிரதிகளும் உள்ள நோயாளிகள் கிழக்கு மாகாணத்தில் ஓரளவு சுகமாக நடமாடினார்கள். ஆப்பிரிக்க, அமெரிக்க நோயாளிகளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே சுருங்கி மறைந்துவிடும் மண்ணீரல், இவர்களுக்கு வளர்ந்த பிறகும் வீங்கியபடியே இருந்தது. அதே நாட்டின் தென்மேற்கில், ஜிசான், அசீர் பகுதிகளில் நோய் கடுமையாகவே இருந்தது. மரபணுவில் உள்ள பிழை இரண்டு இடத்திலும் ஒன்றேதான். பிறகு எப்படி இந்த வித்தியாசம்?

விடை நேரத்தில் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடுகிறது. வேலின் தண்ணீரை வெறுக்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கியதும் அதன் வடிவம் மாறி, பீட்டா சங்கிலியில் 85, 88ஆம் இடங்களின் பக்கத்தில் ஒரு சிறு குழி திறக்கும். ஒரு மூலக்கூறின் வேலின், பக்கத்து மூலக்கூறின் குழிக்குள் காஜாவில் பொத்தான் மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்ளும். இப்படி மாட்டி மாட்டி 14 இழை கொண்ட விறைப்பான நார் உருவாகும். செல் வளைவது அதனால்தான்.

ஆனால் நார் உடனே உருவாவதில்லை. முதலில் சில மூலக்கூறுகள் தற்செயலாகக் கூடி ஒரு விதை அமைய வேண்டும். பெரும்பாலான கூட்டங்கள் கலைந்துவிடும். ஒரு விதை நிலைத்துவிட்டால் அதிலிருந்து நார் நீளும், அந்த நாரின் பக்கவாட்டிலேயே புதிய விதைகள் முளைக்கும், அப்புறம் சட்டென்று செல் முழுக்க நார்தான். அதாவது, முதலில் எதுவுமே நடக்காத ஒரு தாமதம், பிறகு வெடிப்பு. இரத்தச் செல் ஒரு தந்துகியைக் கடக்க ஏறத்தாழ 1 விநாடி ஆகும். தாமதம் அதைவிட நீண்டால் செல் நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளும், குழி மூடிவிடும். தாமதம் குறைந்தால் நடுவழியில் விறைத்துத் தந்துகியை அடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த எண் இங்கேதான் வருகிறது. இந்தத் தாமதம், எஸ் வகை எனப்படும் இந்தப் பிழையான ஹீமோகுளோபினின் அடர்த்தியைப் பொறுத்து ஏறத்தாழ 30ஆம் அடுக்கில் மாறும் என்று 1970களில் ஹோஃப்ரிக்டர், ஈட்டன் குழுவினர் கண்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்லில் தண்ணீர் குறைந்து அடர்த்தி 2 சதவீதம் கூடினால் 1.02இன் 30ஆம் அடுக்கு 1.8, தாமதம் கிட்டத்தட்டப் பாதியாகும். 5 சதவீதம் கூடினால் நான்கில் ஒன்றுக்கும் கீழே போகும். இந்த நோயாளிக்குத் தண்ணீர் குடிப்பது மருந்துக்குச் சமம் என்பது இதனால்தான். இதில் கொடுமை என்னவென்றால், சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, உப்பு அதிகம். அங்கே செல்கள் வளைந்து வளைந்து, சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் இளம் வயதிலேயே போய்விடுகிறது. உடலில் தண்ணீர் வற்றினாலும் சிறுநீர் நீர்த்தே போகும். 45 டிகிரி வெயிலில் ரமலான் நோன்பு வரும் ஆண்டுகளில் மருத்துவர்கள் கவலைப்படுவது நியாயம். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. அதை எடுத்துச் சொல்வதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

அல் அஹ்சா நோயாளிகளைக் காப்பாற்றியது கரு ஹீமோகுளோபின். வயிற்றில் இருக்கும்போது எல்லோருக்கும் இருப்பது. பிறந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் 1 சதவீத அளவுக்குச் சுருங்கிவிடுவது. அரபு-இந்திய வகை எனப்படும் மரபணுப் பின்னணி உள்ளவர்களுக்குச் சிறு வயதில் 30 சதவீதத்தை ஒட்டியும், வளர்ந்த பிறகு 15 முதல் 20 வரையும் அது மிஞ்சுகிறது. அது எஸ் வகையின் அளவைக் குறைக்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. கரு ஹீமோகுளோபினின் சங்கிலியில் 87ஆம் இடத்தில், குழியை ஒட்டி, திரியோனினுக்குப் பதில் குளூட்டமின் நிற்கிறது. அது பக்கத்து மூலக்கூறை ஒட்டவிடாது. ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு பாதிகள் சேர்ந்தது என்பதால் கலப்பு மூலக்கூறுகளும் உண்டாகும். 20 சதவீதம் கரு வகை இருந்தால் கலப்பில் 64 சதவீதம் மட்டுமே சுத்த எஸ். 32 சதவீதம் பாதிக்குப் பாதி, 4 சதவீதம் சுத்தக் கரு. அந்தப் பாதிக்குப் பாதியும் நாருக்குள் போகாது. ஆக, ஐந்தில் ஒரு பங்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை செய்கிறது. தாமதம் ஆயிரம் மடங்கு என்ற அளவில் நீளும்.

அதற்காக இதை லேசான நோய் என்று தள்ளிவிடக் கூடாது. சராசரி 20 என்றால் எல்லாச் செல்லிலும் 20 என்று அர்த்தமில்லை. குறைவாக உள்ள செல்கள் அடைக்கத்தான் செய்யும். வயது ஏற ஏற அளவு குறைந்து, இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போவதும், நுரையீரல் பாதித்து மூச்சுத் திணறும் நெஞ்சு நெருக்கடியும் அங்கேயும் வருகின்றன. ஹைட்ராக்சியூரியா மாத்திரை கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராமில் தொடங்கி, இரத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து மருத்துவர் ஏற்றுவார்.

இனி அந்தக் கட்டாயப் பரிசோதனை. 2004இல் நடைமுறைக்கு வந்தது. முழு இரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் பிரிப்பும் பார்ப்பார்கள். எஸ் 35 முதல் 40 சதவீதம் என்றால் சுமப்பவர். ஏ2 என்ற இன்னொரு வகை ஹீமோகுளோபின் 3.5 சதவீதத்தைத் தாண்டி, செல் பருமன் 80 ஃபெம்டோலிட்டருக்குக் கீழே இருந்தால், பீட்டா சங்கிலி குறைவாக உருவாகும் பீட்டா தலசீமியா என்ற மரபு நோயைச் சுமப்பவர். எஸ் இருக்கிறதா என்று மட்டும் காட்டும் கரைதிறன் சோதனையோடு நிறுத்திக்கொண்டால் இரண்டு ஆபத்து: சுமப்பவரையும் நோயாளியையும் அது பிரித்துக் காட்டாது, தலசீமியாவை அறவே தவறவிடும். ஒருவரிடம் எஸ், மற்றவரிடம் தலசீமியா என்றாலும் குழந்தைக்கு நோய் வருமே! இரும்புச்சத்துக் குறைவு ஏ2வைக் கீழே இறக்கிவிடும். இரும்பு கொடுத்து மறுபடி பார்க்க வேண்டும். சமீபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் முடிவை நம்பவே கூடாது.

சட்டம் பரிசோதனையைத்தான் கட்டாயமாக்குகிறது, கல்யாணத்தைத் தடுப்பதில்லை. முதல் ஆறு ஆண்டுகளில், இருவருமே சுமப்பவர்களாக இருந்த ஜோடிகளில் கல்யாணப் பேச்சை நிறுத்தியவர்கள் 9.2 சதவீதத்திலிருந்து 51.9 சதவீதமானார்கள். மீதிப் பாதி? நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, கடைசி வாரத்தில் பரிசோதனைக்கு வந்தால் யாருக்குத்தான் நிறுத்த மனம் வரும்? பஹ்ரைன் 1998இலேயே 11ஆம் வகுப்பு மாணவர்களைப் பரிசோதித்தது, 13.8 சதவீதம் பேர் சுமப்பவர்கள். அந்த வயதில் தெரிந்துகொள்வதுதான் உண்மையில் பயன்படும்.

அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தின்மேல் முழுப் பழியையும் போடுவதும் கணக்குக்கு ஒத்துவராது. ஒருவர் சுமப்பவர் என்றால் அவருடைய அத்தை பிள்ளைக்கோ மாமன் பிள்ளைக்கோ அதே பிரதி வர எட்டில் ஒரு வாய்ப்பு. நூற்றில் ஒருவர் மட்டுமே சுமக்கும் நோயில் உறவுக்குள் கட்டுவது, துணையும் சுமப்பவராக இருக்கும் அபாயத்தை 1லிருந்து 13 சதவீதமாக்கும். கிழக்கு மாகாணத்தில் ஊர்க்காரர் யாரையாவது கட்டினாலே 17. உறவில் கட்டினால் சுமார் 27. உறவைத் தடுப்பதைவிட இரத்தத்தைப் பார்ப்பதே மேல். மாமனைக் கட்டும் வழக்கம் இன்னும் உள்ள தமிழ்நாட்டிலிருந்து அரபுகளை ஏளனமாகப் பேச நமக்கு இடமில்லை.

கரு ஹீமோகுளோபினைப் பூட்டி வைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் விசையை வெட்டும் காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 டிசம்பரில் பஹ்ரைனும், 2024 ஜனவரியில் சவுதியும் அனுமதி தந்தன. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அருமையான அறிவியல்தான், ஆனால் அந்தப் பணத்தில் சிறு பங்கையாவது, அரபு-இந்திய வகையில் கரு ஹீமோகுளோபின் ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது என்ற ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். இதுவரை தெரிந்த மரபணு மாற்றங்கள் அதை முழுக்க விளக்கவில்லை. இந்த ஆய்வுக்கு இந்தியாவும் கை கொடுக்கலாம்: நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952இல் லேமனும் கட்புஷும் அரிவாள் செல்லைக் கண்டறிந்தார்கள், இந்தியப் பழங்குடிகளிடம் பெரும்பாலும் காணப்படுவதும் இதே வகைதான். 2023இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்தது. முகாமில் எஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுதிக்கொண்டு போகாமல், எஸ் உள்ள ஒவ்வொருவருக்கும் கரு ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் என்பதையும் அளந்து, வயதோடு சேர்த்துப் பதிய வேண்டும்.